கத்திப்பாறைகளுக்கு நடுவே ஒரு ஞாயிறு

சுவாஹரியின் கணுக்கால் பிசகவே இல்லை. ஆனால் பிசகிவிட்டது என்று சொல்லிவிட்டாள்; அலுவலகமே சுற்றி நின்று பார்த்ததால் நொண்டித்தான் ஆகவேண்டியிருந்தது.

அன்று பிற்பகல் அம்பிலுபே நகரில் அவள் அண்ணன் மகனுக்குக் குத்துச்சண்டை. முன்வரிசையில் நின்று தொண்டை கிழியக் கத்த வேண்டியவள், அங்கரானாவின் சுண்ணாம்புப் பாறைக்காட்டில் நின்றுகொண்டிருந்தாள். திரும்பிய பக்கமெல்லாம் தீட்டிய கத்திகளை நட்டுவைத்தது போலப் பாறைகள். ஊழியர் ஒற்றுமைக்காக எல்லாரும் நடந்தே ஆகவேண்டும் என்பது வனிலாக் கம்பெனி டைரக்டர் ரந்திரமிஹஜவின் உத்தரவு. சுலபமான பாதைதான், குழந்தைகூட நடக்கும் என்று வேறு சொல்லியிருந்தார்.

வண்டிக்குத் திருப்பி அனுப்புவார் என்று அவள் எதிர்பார்த்தாள். அவரோ தன் கைத்தடியைக் கொடுத்தார். பத்தடி போவதற்குள் அது பாறை இடுக்கில் சிக்கி முறிந்தது.

அடுத்து முன்னோர்களை இழுத்தாள். முன்னோர் உறங்கும் பாறையை நோக்கி டைரக்டர் விரல் நீட்டிவிட்டார், இது விலக்கப்பட்ட செயல், உடனே திரும்பிவிடுவதுதான் மரியாதை என்றாள். வழிகாட்டி பெசாரா நல்ல மனிதன். பயப்பட ஒன்றுமில்லை, கொஞ்சம் தேன் ஊற்றி மன்னிப்புக் கேட்டால் போதும் என்றான். தேன் ஊற்றும் பாறை மட்டும் கொஞ்சம் சுற்றுவழியில் இருந்தது.

எல்லாரும் சுற்றினார்கள். வெயில் மண்டையைப் பிளந்தது. ஆளுக்கு ஆள் டைரக்டரின் முதுகைப் பார்த்தபடியே நடந்தார்கள்.

தேன் ஊற்றி முடித்ததும் சுவாஹரி உட்கார்ந்துவிட்டாள். இனி ஓர் அடி எடுத்துவைக்க முடியாது என்றாள்.

டைரக்டர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, தூக்கி வரும்படி கணக்காளர் சரதூதியிடமும் தட்டச்சர் வெலுமுராவிடமும் சொன்னார்.

சுவாஹரி லேசான உடம்புக்காரி இல்லை. குறுகலான ஒரு சந்தில் மூவரும் சேர்ந்து சிக்கிக்கொண்டார்கள். முன்னால் போகவும் வழியில்லை, பின்னால் வரவும் வழியில்லை. மேலே இருந்து ஒரு லெமூர் எட்டிப் பார்த்தது.

"அக்கா, மூச்சை உள்ள இழுங்க," என்றான் சரதூதி.

"காலைலேர்ந்து இழுத்துப் பிடிச்சுக்கிட்டுத்தான்டா இருக்கேன். என்னை இறக்கு."

இறக்கினார்கள். அவள் இரண்டு காலையும் அழுத்தி ஊன்றி டைரக்டரின் எதிரே போய் நின்றாள்.

"என் காலுக்கு ஒண்ணும் இல்லீங்கய்யா. திங்கள்லேர்ந்து சனி வரைக்கும் நான் உங்க ஆளு. ஞாயித்துக்கிழமை என்னோடது. நான் போறேன். வேலையை விட்டு எடுக்கணும்னா நாளைக்கு எடுத்துக்குங்க."

பதிலுக்கு நிற்காமல் நடந்தாள். அந்த வேலையை நம்பித்தான் வீட்டில் அடுப்பு எரிகிறது. இருந்தாலும் திரும்பிப் பார்க்கவில்லை.

பின்னால் முதலில் ஒரு செருப்புச் சத்தம், பிறகு பல. வண்டி நிற்கும் இடத்துக்கு வந்தபோது மொத்த அலுவலகமும் அவள் பின்னால் இருந்தது. கடைசியாக வந்த டைரக்டர் அவள் முகத்தைப் பார்க்காமல் தன் காரில் ஏறி, கதவைச் சாத்தி, காலணியைக் கழற்றினார். இரண்டு குதிகாலிலும் கொப்புளம்.

தொலைந்தது வேலை என்று சுவாஹரி நினைத்தாள்.

கார் டிரைவர் ஜாவுராவு அவள் அருகே வந்து குரலைத் தாழ்த்தினான்.

"இதைக் கொஞ்சம் முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதாக்கா? நடக்கச் சொன்னது மேலிடமாம். 'ஒருத்தராவது முடியாதுன்னு சொன்னா நானும் திரும்பிடுவேனே'ன்னு ஐயா காலைல கார்ல வர்ற வழியெல்லாம் புலம்பிக்கிட்டே வந்தாரு."