துரை தோளில் ஏறிய விவரம்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அத்தையும் நலம். என் வலது ஆள்காட்டி விரலும் இப்போது பரவாயில்லை. நேற்று நீங்கள் திரும்பத் திரும்ப அழைத்தும் நான் எடுக்காததால், "கிளி வாங்கிக் கொடுத்தது அப்பாவுக்குப் பிடிக்கலை போல" என்று என் மகள் அழுதாளாமே. அப்படியெல்லாம் இல்லை. நடந்தது வேறு.

நான் விளையாட்டு ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். ஓர் அதட்டலில் மைதானமே வரிசையில் நிற்கும். அந்தப் பழக்கத்தில், நீங்கள் கிளிக்கூண்டை வைத்துவிட்டுப் போனதுமே உள்ளே விரலை நீட்டி "ஏறு!" என்றேன். கிளி தன் மஞ்சள் கொண்டையைத் தலையோடு ஒட்டவைத்துக்கொண்டு பாம்பு மாதிரி சீறியது. இன்னும் சத்தமாக "ஏறு!" என்றேன். விரலைக் கவ்விவிட்டது.

"அது என்ன ஏழாங்கிளாஸ் பையனா? நடுங்குதுங்க. கொஞ்சம் வாயை மூடுங்க" என்றாள் அத்தை. சாயங்காலமே அவள் கையிலிருந்து சூரியகாந்தி விதை தின்றது. துரை என்று பெயரும் வைத்துவிட்டாள்.

எனக்குப் பொறாமைதான். ஆனால் இவன் மண்டைக்குள் என்னதான் ஓடுகிறது என்று ஓர் ஆவலும் பிடித்துக்கொண்டது, கூண்டுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து கவனித்தேன், கொண்டை படுத்தால் பயம், நிமிர்ந்தால் திடுக்கிடல், பாதி சாய்ந்தால் 'நீ யாருப்பா, பார்க்கலாம்' என்று அர்த்தம், நேருக்கு நேர் முறைத்தால் பின்வாங்குகிறான், அவனோ ஒற்றைக் கண்ணால்தான் பார்க்கிறான், சரியென்று நானும் தலையைத் திருப்பி ஒற்றைக் கண்ணால் பார்த்தேன், அதை ஜன்னல் வழியே பார்த்த பக்கத்து வீட்டு டெய்லர், "சாருக்குக் கழுத்து பிடிச்சுக்கிச்சா?" என்று அத்தையிடம் விசாரித்துவிட்டுப் போனார்.

நேற்று கூண்டுக் கதவைத் திறந்துவிட்டு, அவனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, நடைக்குக் கிளம்ப ஷூ மாட்டினேன். தரையில் டிக் டிக் என்று சத்தம். துரை நடந்து வந்து என் ஷூ லேஸைக் கடித்துப் பார்க்கிறான்! நான் மூச்சுவிடவில்லை. அலகால் பேன்ட்டைப் பிடித்து முழங்கால், முழங்கை என்று ஏறித் தோளில் உட்கார்ந்துவிட்டான். அப்போதுதான் சட்டைப் பையில் உங்கள் போன் அடித்தது. நீங்களே சொல்லுங்கள், எப்படி எடுப்பேன்? கால் மரத்துவிட்டது, மூக்கு அரித்தது. காதோரம் கரகரவென்று அலகை அரைத்தான்.

"தூக்கம் வருது அவனுக்கு. நிம்மதியா இருக்கான்" என்று கிசுகிசுத்தாள் அத்தை.

மாப்பிள்ளை, என் குரலுக்குப் பயந்து நின்ற பிள்ளைகள் எத்தனையோ பேர். என் பக்கத்தில் நிம்மதியாகக் கண்ணயர்ந்தது இவன் ஒருவன்தான்.

ஆகவே துரை இனி என் ஆள். வெளியாட்களை அண்டவே மாட்டான், நான் உத்தரவாதம். கிளி வளர்ப்பில் சந்தேகம் எதுவானாலும் என்னைக் கேளுங்கள். நீங்கள் இருவரும், சண்டை போட்டாலும் சாப்பாட்டு வேளைக்குள் சமாதானமாகி, நீடு வாழ்க.

இப்படிக்கு,
மாமா

பி.கு.: கடிதத்தை ஒட்டும் நேரத்தில் தண்ணீர் கேன் போடுபவர் வந்தார். துரை நேராகப் பறந்துபோய் அவர் தலையில் உட்கார்ந்துகொண்டான். இறங்க மறுக்கிறான். அவருக்கு இன்னும் நாலு தெரு பாக்கியாம். எப்படி இறக்குவது என்று உடனே போன் செய்து சொல்லவும். "வாடா கண்ணு, மாமாகிட்ட வா" என்று கெஞ்சிப் பார்த்தேன். தண்ணீர் கேன்காரர்தான் சங்கடத்தோடு ஓர் அடி முன்னால் வந்தார்.