மைக்செட் மாமாவைக் காணவில்லை

சிதம்பரத்தில் ரகசியம் ஒன்று இருப்பதாக உலகமே நம்புகிறது. எங்கள் தெருவில் மட்டும் எந்த ரகசியமும் இருந்ததில்லை. காரணம், மைக்செட் மாமா.

கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம் என்று ஊர் முழுக்க ஒலிபெருக்கி வாடகைக்கு விட்டவர். பெற்றோர் வைத்த பெயர் ஒன்றும் இருந்தது. ரேஷன் கார்டுக்கு வெளியே அதை யாரும் பார்த்ததில்லை. அவர் வீட்டு மாடியில் குடியிருந்த எனக்கு அலாரம் தேவைப்படவே இல்லை.

"அன்பார்ந்த பால்காரர் அவர்களே! நேத்து நீங்க ஊத்துனது பாலா, கொள்ளிடத்துத் தண்ணியா?"

இது மைக் இல்லாமல். வீட்டுக்குள்ளும் அறிவிப்புதான். "பெரியோர்களே, தாய்மார்களே, சாம்பார்ல உப்பு இல்ல" என்பார். "தாய்மாருங்களுக்குக் காது நல்லாத்தான் கேக்குது, மெதுவா சொல்லுங்க" என்பார் அவர் மனைவி. அந்த அம்மா போனபிறகு மாமா தொழிலை விட்டுவிட்டார். கட்டிலோரம் ஓர் ஆம்ப்ளிஃபயர், ஒரு மைக், மொட்டை மாடியில் ஒரு குழாய் ஸ்பீக்கர். இவற்றை மட்டும் விற்கவில்லை.

2008ல் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. கடலூரிலிருந்து மகன் முரளி ஓடிவந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தான். நானும் கூடப் போயிருந்தேன். டாக்டர் முரளியைப் பார்த்து, "நல்லா சாப்பிடறாரா?" என்றார்.

"சாப்பிடறேன்" என்றார் மாமா.

டாக்டர் மறுபடி முரளியிடம், "சாப்பிடறாரா?"

"சாப்பிடறாரு சார்" என்றான் முரளி. டாக்டர் திருப்தியாகக் குறித்துக்கொண்டார். கட்டிலில் கிடந்தவர் சொன்னது சாட்சியத்தில் சேரவில்லை.

வீட்டுக்கு வந்து சில வாரங்களில் மாமா குளியலறையில் வழுக்கி விழுந்தார். மறுநாள் காலை பால்காரர் கூப்பிட்டுப் பதில் வராமல் எங்களை எழுப்ப, நானும் எதிர்வீட்டு ஹெட்மாஸ்டரும் கதவை உடைத்துத் தூக்கினோம். எலும்பு தப்பியது. ஆனால் அன்றைக்கே தெருவுக்குப் பொறுப்புணர்ச்சி வந்துவிட்டது. அது வந்தால் சுலபத்தில் போகாது.

ஹெட்மாஸ்டர் ஓய்வுபெற்று, அதட்டுவதற்குப் பையன்கள் இல்லாமல் தவித்துக்கொண்டிருந்தவர். உடனே ஒரு பாதுகாப்புக் குழு அமைத்துத் தானே தலைவரானார். மாமா தூங்கிக்கொண்டிருந்தபோது குளியலறைத் தாப்பாளைக் கழற்றினார். கேஸ் சிலிண்டரைத் தன் வீட்டுக்கு உருட்டிப் போனார். மறுநாள் மாமா குளித்துக்கொண்டிருக்கையில் கதவைத் தள்ளித் தலையை நீட்டி, "பத்திரமா இருக்கீங்களா?" என்றார்.

"இந்த நிமிஷம் வரைக்கும் இருந்தேன்" என்றார் மாமா, சோப்பு நுரையோடு.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாமா வீட்டு ஹாலில் கூட்டம். முரளி வந்திருந்தான், ஹெட்மாஸ்டர் வந்திருந்தார், தெருவில் பாதி வந்திருந்தது. மாமாவை உள்ளறையில் படுக்கவைத்துத் திரைச்சீலையை இழுத்துவிட்டிருந்தார்கள், மனசு கஷ்டப்படக் கூடாதாம்.

"என் வீடு ரெண்டாவது மாடி, லிஃப்ட் இல்ல. மேல்பட்டாம்பாக்கத்துல ஒரு முதியோர் ஹோம் இருக்கு, சேத்துடலாம்" என்றான் முரளி.

"நாங்க என்னா செத்தா போயிட்டோம்?" என்று ஹெட்மாஸ்டர் எழுந்தார். "இந்தத் தெருவோட சொத்து அவரு. வீட்டுக்கு ஒரு வேளை சாப்பாடு. ராத்திரி வெளியில பூட்டிச் சாவிய நான் வச்சிக்கிறேன்."

கைதட்டல். பழைய பீரோவை எந்த மூலையில் வைப்பது என்பதுபோல விவாதம் சூடுபிடித்தது. திடீரென்று மொட்டை மாடியில் கொய்ங் என்று ஓர் ஓசை. பிறகு தெருவே அதிர,

"ஹலோ, மைக் டெஸ்ட்டிங். அன்பார்ந்த பொதுமக்களுக்கு ஒரு முக்கிய அறிவிப்பு. காணவில்லை! வயது அறுபத்தெட்டு. மாநிறம். ஒரு கையும் ஒரு காலும் வேலை செய்யாது. வாயும் மூளையும் வேலை செய்யும். மேற்படி நபரைப் பத்தி அவரு வீட்டு ஹால்லயே கூட்டம் நடந்துகிட்டு இருக்கு. நபரைப் பாத்தவங்க உடனே ஹாலுக்குத் தகவல் கொடுக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்."

வராத பாதித் தெருவும் வாசலுக்கு வந்துவிட்டது. முரளி திரைச்சீலையை விலக்கிக்கொண்டு ஓடினான். கட்டிலோரம் உட்கார்ந்து இடது கையில் மைக் பிடித்திருந்தார் மாமா.

"ஐயோ, ஆஃப் பண்ணுப்பா! மானம் போவுது!"

குழாய் ஸ்பீக்கர் பதில் சொன்னது: "அது தாப்பாளோடவே போயிட்டுதுடா."

வேறு வழியின்றி அவரை நாற்காலியோடு தூக்கிவந்து ஹாலின் நடுவில் வைத்தோம். ஹெட்மாஸ்டர் பெருந்தன்மையோடு, "நீங்களே சொல்லிடுங்க. எங்களை விட்டுப் போவ மாட்டீங்கல்ல?" என்றார். தட்டுவதற்குக் கைகள் தயாராக இருந்தன.

"ஹோமுக்குப் போவலாம்னு இருக்கேன்" என்றார் மாமா.

தட்ட வந்த கைகள் அந்தரத்தில் நின்றன. ஹெட்மாஸ்டரின் முகம் சுருங்கிப்போயிற்று. "இங்க உங்களுக்கு என்னா கொறை வச்சோம்?"

"கொறை இல்ல சார். அக்கறைதான் ஜாஸ்தி." மாமா தரையைப் பார்த்தார். முதல்முறையாக அவர் மெதுவாகப் பேசிக் கேட்டேன். "அன்னிக்கு விழுந்து கெடந்தேன்ல? கத்திப் பாத்தேன். நாக்கு கொழறிப்போயி, செவுத்தத் தாண்டிச் சத்தம் போவல. இந்த ஊருக்கே கேக்குற கொரலு சார் இது. தனியா இருக்க பயமா இருக்கு. பூட்டுனா பயம் போயிடுமா?"

முரளி மூக்கை உறிஞ்சினான். அடுத்த நொடியே மாமா பழைய சத்தத்துக்கு வந்தார். "ஆனா எடத்த என் கண்ணால பாக்காம கால் வைக்க மாட்டேன். வேன் சொல்லு!"

மறுநாள் வேனில் மாமாவும் முரளியும் நானும் புறப்பட்டோம். அழைக்காமலே முன்சீட்டில் ஹெட்மாஸ்டர். ஹோமை நடத்திய ஸ்டெல்லா அம்மா வெளியே வந்து, எங்கள் மூவருக்கும் ஒரு வணக்கத்தோடு முடித்துக்கொண்டு, மாமாவின் நாற்காலி முன்னால் குனிந்தார்.

"ஐயா, உங்களுக்குக் குளிக்கச் சுடுதண்ணி வேணுமா, பச்சத்தண்ணியா?"

மாமா வாயடைத்துப்போனார். பக்கவாதமே சாதிக்காத காரியம் அது. நோய் வந்த நாளாக, பதில் வேண்டுமென்று அவரிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வியல்லவா!

சுதாரித்துக்கொண்டு சமையலறையிலிருந்து சோதனையை ஆரம்பித்தார். சாம்பாரைச் சுவைத்து உப்பைப் பாராட்டினார். கடைசியில் குளியலறை. "தாப்பாள் எங்க?"

"விழுந்துட்டா எப்படித் தூக்குறது? அதான் வைக்கல" என்றார் ஸ்டெல்லா அம்மா.

"விழறது என் ஒடம்பு. வெக்கமும் என்னுதுதான்."

இருவரும் விடாமல் வாதாடினார்கள். முடிவில் உள்ளே தாப்பாள், அவசரமென்றால் வெளியிலிருந்தும் திறக்கிற மாதிரி. ஆனால் தட்டிக் கூப்பிட்டுப் பார்த்த பிறகே திறக்கவேண்டும் என்று ஒப்பந்தமாயிற்று. குழாய் ஸ்பீக்கருக்கு மட்டும் ஸ்டெல்லா அம்மா மசியவில்லை. "இங்க ஹார்ட் பேஷன்ட்டுங்க இருக்காங்க ஐயா." மாமா அதை விட்டுக்கொடுத்தார். திரும்பும் வழியெல்லாம் ஹெட்மாஸ்டர் வேன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். இரண்டு நாளில் தாப்பாளோடும் மேஸ்திரியோடும் அவரே அங்கே போய் நின்றது தனிக்கதை.

மாமா அங்கே நான்கு வருஷம்போல இருந்தார். டிவியில் எந்த சேனல் என்பதற்குக்கூட எல்லாரையும் கேட்கவேண்டும் என்று போராடி, யாரும் எதையும் பார்க்க முடியாமல் செய்தார். "ஒரு கூட்டணி ஆட்சியே நடக்குது இங்க" என்று என்னிடம் அலுத்துக்கொண்டார் ஸ்டெல்லா அம்மா.

2012ல், மாமா இறப்பதற்குச் சில மாதம் முன்பு பார்க்கப் போயிருந்தேன். பக்கத்துக் கட்டிலில் பேச்சே போய்விட்ட ஒரு பெரியவர். இரவுச் சாப்பாடு வந்தது. ஆயா அவருக்கு இட்லியை எடுத்து வைக்கப் போக, மாமா கையை நீட்டித் தடுத்தார். பெரியவர் பக்கம் சாய்ந்து, "இட்லியா, உப்புமாவா? இட்லின்னா கண்ண மூடுங்க" என்றார்.

பெரியவர் சும்மா பார்த்துக்கொண்டிருந்தார். நேரம் போனது. ஆயா பெருமூச்சு விட்டாள். நான் எழுந்தேன். "மாமா, பஸ்ஸுக்கு நேரமாச்சு..."

"உஷ். அவரு இன்னும் சொல்லல."

வாழ்நாள் முழுக்க அடுத்தவரைப் பேசவிடாத அந்த மனிதர், வாயை மூடிக்கொண்டு, ஒரு ஜோடி கண்ணையே பார்த்தபடி காத்திருந்தார். நானும் உட்கார்ந்துவிட்டேன். அந்த பஸ் போனால் போகட்டும் என்றிருந்தது.