கவட்டுக் கால்வாயில் உடைப்பு

ராஜபாளையம்
9.3.2026

கர்த்தருக்குள் பிரியமான மைத்துனன் பென்சனுக்கு,

அத்தான் தேவஇரக்கம் எழுதுவது. கோயம்புத்தூரில் நீயும் எலினாவும் பிள்ளைகளும் சுகமாக இருக்க ஜெபிக்கிறேன். இங்கே உன் அக்கா இன்பம் பூரண சுகம். நான் முக்கால் சுகம். மீதிக் கால் பங்கைப் பற்றித்தான் இந்தக் கடிதம். போனில் பேசினால் என் குரல் தெருமுனை வரை கேட்கும், உன் அக்காவும் பக்கத்திலேயே நிற்பாள், அதனால் தபாலில் எழுதுகிறேன்.

போன மாதம் கேஸ் சிலிண்டர் வந்தது. "ஆள் வரட்டும், நீங்க தூக்காதிய" என்று உன் அக்கா சொன்னாள். அவள் சொல்லாமல் இருந்திருந்தால் நான் தூக்கியிருக்க மாட்டேன். தூக்கினேன். வலது கவட்டுக்கு மேலே ஏதோ நழுவியது போல இருந்தது. தொட்டுப் பார்த்தால் எலுமிச்சம்பழம் அளவுக்குப் புடைப்பு. எழுந்து நின்றால் வருகிறது, படுத்தால் உள்ளே போய்விடுகிறது. உன் அக்கா பார்க்க வரும்போதெல்லாம் நான் படுத்திருந்ததால், "ஒண்ணையும் காணோமே, ரேஷன் கடைக்குப் போகச் சோம்பல்பட்டு நடிக்கிறியளா?" என்று கேட்டாள்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் டாக்டர் ஜெனிலாவிடம் போனோம். சின்னப் பிள்ளை, நான் கட்டியிருந்த பெல்ட்டை விட வயது குறைவாகத்தான் இருக்கும். "நின்னுக்கிட்டு இருமுங்க ஐயா" என்றது. மரியாதையாக வாயைப் பொத்தி இருமினேன். "அப்படியில்ல, நல்லா" என்றது. நல்லா இருமினேன், வெளியே உட்கார்ந்திருந்த மூன்று பேர் மாஸ்க்கை எடுத்து மாட்டிக்கொண்டார்கள். பிறகு குடலிறக்கம் என்று சொல்லி, சீட்டின் பின்பக்கம் சாய்வாக இரண்டு கோடு போட்டு, "இதுதான் கவட்டுக் கால்வாய். நாலு சென்டிமீட்டர் நீளம். ஆம்பளைப் பிள்ளைக்கு விதை வயித்துக்குள்ள உருவாகி, பிறக்குறதுக்கு முன்னாடி இந்த வழியாத்தான் கீழ இறங்குது. அதனால இந்த இடம் எப்பவும் கொஞ்சம் பலவீனம்" என்றது. கால்வாய் என்ற சொல் காதில் விழுந்ததும் எனக்கு உயிர் வந்தது. பொதுப்பணித்துறையில் முப்பத்திரண்டு வருஷம் கண்மாய் மடையைத் திறந்து மூடிய லஸ்கரிடமே கால்வாய் பற்றிப் பேசுகிறது. "மேல் மடை எங்க, கீழ் மடை எங்க, ஷட்டர் உண்டா?" என்று கேட்டேன். அந்தப் பிள்ளை சிரிக்கவில்லை. "உள்வாசல் மேல, வெளிவாசல் கீழ. ஷட்டர் தனியாக் கிடையாது, முக்கும்போது முன்சுவரும் பின்சுவரும் அமுங்கி தானா அடைச்சுக்கும்" என்றது. நல்ல டிசைன், நம் இன்ஜினியர்களுக்குத் தோன்றாதது. "அப்ப எனக்குக் குடல் மேல் மடை வழியா வந்துட்டா?" என்றேன். "சில பேருக்கு அப்படி வரும். உங்களுக்குப் பின்பக்கக் கரைதான் விட்டுப்போச்சு" என்றது. மாப்பிள்ளை, அங்கேயே எனக்கு அழுகை வந்துவிட்டது. எத்தனையோ வெள்ளம் பார்த்தும் என் லிமிட்டில் ஒரு கரை உடைந்தது கிடையாது.

ஆபரேஷன் செய்து வலை வைத்துத் தைக்க வேண்டுமாம். வலையை வைத்து உடைப்பை அடைத்தவன் எவனாவது உண்டா? மீன் வேண்டுமானால் பிடிக்கலாம். "வலை ஓட்டையில சதை வளர்ந்து சுவராயிரும்" என்று டாக்டர் சொல்கிறது. எனக்கு நம்பிக்கை இல்லை. வீட்டுக்கு வந்து துண்டை நாலாக மடித்து, புடைப்பின் மேல் வைத்து, பெல்ட்டை இறுக்கி நானே அடைத்தேன். நேற்று கோயிலில் காணிக்கைப் பை எடுக்கும் முறை என்னுடையது. நான்காவது வரிசையில் துண்டு நழுவி வேட்டிக்குள்ளிருந்து காலடியில் விழுந்தது. பக்கத்திலிருந்த அம்மா ஒருவர் அதை எடுத்துப் பக்தியோடு காணிக்கைப் பைக்குள் போட்டார். இது போதாதென்று, உன் அக்கா எனக்குத் தெரியாமல் சபைச் செயலாளர் கிளாட்வினிடம் ஜெபக் குறிப்பு எழுதிக் கொடுத்திருக்கிறாள். தேவஇரக்கத்தின் குடலிறக்கத்துக்காக என்று வாசிக்க வேண்டியவர் நாக்குப் புரண்டு, "குடலிரக்கத்தின் தேவஇறக்கத்துக்காக ஜெபிப்போம்" என்றார். சபை முழுக்க ஆமென் சொன்னது. அதற்குப் பிறகு எனக்குக் கைகொடுத்தவர்களில் ஒருவர்கூட என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஆகவே ஆபரேஷன் வேண்டாம் என்பது என் முடிவு. நீ போலீஸ்காரன், நீ சொன்னால் உன் அக்கா கேட்பாள். "அத்தானை விட்டுரு" என்று அவளுக்கு ஒரு போன் போடு. நீ இங்கே வர வேண்டியதில்லை. உனக்குப் பந்தோபஸ்து வேலை இருக்கும், வெயில் வேறு.

எலினாவுக்கு என் அன்பான விசாரிப்பு. உங்கள் வீட்டில் ஒருவருக்கும் இருமல் வராமல் ஆண்டவர் காப்பாராக.

இப்படிக்கு,
அத்தான் தேவஇரக்கம்

பி.கு.: கடிதம் இரண்டு நாளாகச் சட்டைப் பையிலேயே இருந்துவிட்டது. நேற்றுச் சாயங்காலம் படுத்தும் புடைப்பு உள்ளே போகவில்லை. அரை மணி நேரம் கழித்துத்தான் போனது. இன்று காலை நான் மட்டும் பஸ் ஏறி டாக்டரிடம் போனேன். "மாட்டிக்கிட்டா குடலுக்கு ரத்தம் போகாது ஐயா, இனிமே தள்ளிப்போடாதிய. மறுபடி உள்ள போகாட்டி உடனே வந்திருங்க" என்றது. திங்கள்கிழமை காலை ஆபரேஷன். கையெழுத்துப் போட்டுவிட்டேன். ஒரு மாதமாக ஆபரேஷன் ஆபரேஷன் என்று நின்ற உன் அக்கா, அந்தத் தாளைப் பார்த்ததும் அடுப்படிக்குப் போய் அழுகிறாள். எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமையே வந்துவிடு. நான் கூப்பிட்டேன் என்று சொல்லாதே, அவளுக்குத் துணையாக வந்த மாதிரி வா. வந்து என் கட்டில் பக்கம் உட்கார்.