திரைக்குமிழ்ப் பரணி

வாழ்க அவன் சுட்டுவிரல்! வாழ்க அவ்விரலின் கீழ் தேய்ந்து பளபளக்கும் மவுஸ்! மூக்குக்கண்ணாடி மூக்கின் நுனிக்கு இறங்கியதும் அறியாமல், காபி ஆறி ஆடை படிந்ததும் அறியாமல், பதினொரு வாரம் ஒரே ஒரு வட்டத்தை வரைந்து அழித்தும் அழித்து வரைந்தும் அயராத ஆண்தகை, கணினித் திரைக்குள் மிக்ஸர் என்னும் ஒலிக்கலவைப் பலகையைச் சமைக்கும் கம்பெனியின் வடிவமைப்பாளன், உடன் வேலை செய்வோரால் ‘திருகு’ என்று அழைக்கப்படும் திருப்பெயரோன், அவன் புகழைப் பாடப் புகுந்தேன். கலைமகள் என் நாவில் வந்து அமர வேண்டாம். அவளுக்கு ஆயிரம் வேலை இருக்கும். பக்கத்து நாற்காலியில் ஐந்து நிமிடம் இருந்துவிட்டுப் போனால் போதும்.

திருகு ஆக்கிய மிக்ஸரோ திரையில் மட்டுமே உள்ளது. தொட்டால் கண்ணாடிதான் கையில் படும். அதன் அடிவரிசையில், மேலும் கீழும் வழுக்கி ஒலியைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடர்கள் எட்டும் முந்தின வாரமே சோதனையில் தேறி, வேலை நிரந்தரமானவர்களைப் போல நிம்மதியாக நின்றன. மேல்வரிசையில் ‘தெளிவு’ என்னும் ஒற்றைக் குமிழ் எஞ்சியது. பாடுகிற குரலின் கூர்மையை ஏற்றி இறக்கும் அதிகாரம் அதற்கு. அதைத் திருப்பிப் பார்த்தவர் எவரும் திட்டாமல் எழுந்ததில்லை.

ஆகவே மேலாளர், உருளும் அரியணையில் உருண்டு வந்து முரசறைந்தார்: “இன்னைக்குச் சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள அந்தக் குமிழ் சரியா வரலைன்னா தூக்கிடுவோம். ஒரு கட்டத்தைப் போட்டு நம்பர் அடிக்க விட்டுடலாம்.”

நம்பரா! பாடும் குரலின் தெளிவை, ரேஷன் விண்ணப்பம் நிரப்புவது போலக் கட்டத்துக்குள் எழுதுவதா! திருகின் குருதி கொதித்தது. காது சிவந்தது. வாய் மட்டும், “சரி சார்” என்றது.

நடுவராக வந்தவள் யார் எனில், இருபது ஆண்டுகள் ஒலிப்பதிவுக் கூடங்களில் நிஜக் குமிழ்களைத் திருகித் திருகி விரல்நுனி காய்த்தவள். அடுத்த அறையில் கொசு பாடினாலும் அதன் சுருதி அரைச் சுரம் இறங்கியிருப்பதைச் சொல்பவள். பெரும் பாடகரும் அஞ்சும் பெருஞ்செவியாள். திருகின் கூடப்பிறந்த அக்கா. தம்பி என்று சலுகை காட்டும் வழக்கம் அவளிடம் இல்லை. கேரம் ஆட்டத்தில் ஆறு வயதுத் தம்பியை அழவைத்துவிட்டு ‘ரூல்னா ரூல்தான்’ என்று தீர்ப்புச் சொன்னவள். அன்று முதல் அவள் வாயால் ஒருமுறை ‘நல்லாருக்கு’ என்று கேட்டுவிட வேண்டும் என்பதே திருகின் வாழ்நாள் ஏக்கம்.

பிற்பகல் மூன்று மணிக்குப் போர் மூண்டது. மவுஸை வட்டமாகச் சுழற்றினால் குமிழும் வட்டமாகச் சுழலும்படி அமைத்திருந்தான் நம் வீரன். அக்கா சுழற்றினாள். குறுகிய மேசை அதிர, பேனாக்கள் சிதற, ஸ்டேப்ளர் தற்கொலைக்குப் பாய, ஆடை படிந்த காபி கவிழ்ந்து கம்பளத்தில் கருங்குளம் கட்ட, குமிழோ அங்குமிங்கும் தாவியதேயன்றி நின்ற இடத்தில் நிற்கவில்லை.

“மாவாட்டவாடா என்னைக் கூப்பிட்ட?” என்று முழங்கினாள் பெருஞ்செவியாள்.

காபி துடைக்கும் காகிதத்தை ஒரு கையிலும் விசைப்பலகையை மறுகையிலும் ஏந்தி, இருபதே நிமிடத்தில் திருகு வியூகத்தை மாற்றினான்: மேலே இழுத்தால் ஏறும், கீழே இழுத்தால் இறங்கும். அக்கா இழுத்தாள். மயிரிழைதான் இழுத்தாள். குமிழ் சுழியத்திலிருந்து நூற்றுக்குப் பாய, இரண்டு ஒலிபெருக்கிகளிலிருந்தும் கிளம்பிய கீச்சொலி ஜன்னலை நடுக்கி, கணக்குப் பிரிவில் கண்ணயர்ந்திருந்தவரை எழுப்பி, தெருவோரம் நின்ற காரின் அலாரத்தோடு போய்க் கைகோத்துக்கொண்டது. அக்காவின் செவிகளுக்கு ஏதாவது ஆனால் அம்மாவுக்கு யார் பதில் சொல்வது என்று பதறிய வீரன், சோதனைக்கு ஓடிய பெண்குரல் பாட்டை நிறுத்தி, குமிழையும் ஒலியையும் சேர்க்கும் ஒற்றை நிரல் வரியைத் தற்காலிகமாக வெட்டிவிட்டு, வேகத்தைத் தணிக்கும் வேலையில் குதித்தான்.

நாலு மணிக்கு மூன்றாம் களம். பாட்டில்லாமல், கைப்பழக்கம் மட்டும். இப்போது குமிழ் தேனில் நனைத்தது போல மெல்ல ஏறியது. நாற்பதைத் தாண்டியது, ஐம்பதைத் தாண்டியது, அறுபதில் அம்புக்குறி திரையின் உச்சி விளிம்பில் தலை முட்டி நின்றது. மேல்வரிசைக் குமிழை மேலே இழுக்க இடம் ஏது? பதினொரு வாரமாக இந்த எளிய உண்மை அந்த அகன்ற நெற்றிக்குள் நுழையவே இல்லை.

“வீடு கட்டிட்டு மாடிப்படிக்கு இடம் விடலையாடா?” என்றாள் அக்கா. மேலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நாலு இருபத்தைந்து.

அப்போது வந்தது வீரனுக்கு ஆவேசம்! குமிழைப் பிடித்த கணமே அம்புக்குறி மறையட்டும்; கை போகும் தூரமெல்லாம் இழுக்கட்டும்; விட்டதும் பிடித்த இடத்திலேயே தோன்றட்டும்! விரல்கள் பறந்தன. தட்டச்சு மழையில் மேசை நனைந்தது. நாலு ஐம்பதுக்கு அவன் நிமிர்ந்து, பாட்டை ஓடவிட்டு, “இப்பப் பாருக்கா” என்றான்.

அக்கா கண்ணை மூடினாள். ஏசியும் மூச்சைப் பிடித்தது. முப்பத்தைந்து. “ம்...” நாற்பத்தொன்று. “ஜாஸ்தி.” முப்பத்தெட்டு. அந்த எண்ணில் அவள் கை நின்றது, முகம் மலர்ந்தது.

“இதான்டா. அந்தப் பொண்ணு பக்கத்துல வந்து நின்னு பாடுற மாதிரி இருக்கு. நல்லாருக்கு.”

மேலாளர், “எனக்கும் கேக்குது மேடம், சிலிர்க்குது!” என்று முழங்கையைக் காட்டினார். திருகுக்கும் கேட்டது, சத்தியமாகக் கேட்டது. நம்பர்க் கட்டம் அக்கணமே நாடு கடத்தப்பட்டது. முப்பது ஆண்டுக் கேரம் தோல்வி அவன் நெஞ்சிலிருந்து இறங்கிப் போயிற்று. அவன் அழுதான். வெட்கமே படாமல் அழுதான்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, வெற்றியைச் சேமித்து வைக்கத் திரையை நோக்கினால், அங்கே வெட்டிய வரி வெட்டியபடியே கிடக்கிறது! குமிழ் எதனோடும் சேரவில்லை. முப்பத்தைந்தும் ஒன்றுதான், நாற்பத்தொன்றும் ஒன்றுதான். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. சொன்னாலோ குமிழும் போகும், அந்த ‘நல்லாருக்கு’ம் போகும். இரு பக்கமும் பார்த்தான். ஆயினும் அவன் வீரன் அல்லவா? மாடிப்படியில் பாதி இறங்கியிருந்த அக்காவை ஓடிப்போய் மறித்து, உள்ளதை உள்ளபடி உரைத்து, அழைத்து வந்து உட்காரவைத்து, வரியைச் சேர்த்து, பாட்டை மறுபடி ஓடவிட்டு, குனிந்த தலையோடு தீர்ப்புக்கு நின்றான். அக்கா குமிழைப் பிடித்து மேலும் கீழும் நாலு தரம் இழுத்துப் பார்த்தாள்.

“குமிழ் இருக்கட்டும், ஆனா சத்தம் முன்னாடி இருந்ததே நல்லா இருந்துச்சு” என்று சொல்லிவிட்டு, அவள் பஸ் பிடிக்கப் போனாள்.