வராத காருக்கு வாங்கிய நம்பர்

கார் பைத்தியம் பிடித்தவர்களில் இரண்டு வகை உண்டு. காரை வாங்கிவிட்டு வருத்தப்படுகிறவர்கள் ஒரு வகை. வாங்கவே முடியாத காருக்காக வருத்தப்படுகிறவர்கள் இன்னொரு வகை. நான் இரண்டாவது. முதல் வகைக்காவது உட்கார்ந்து அழ ஒரு சீட் இருக்கிறது.

நான் ஆசைப்பட்டது ஒரு சின்னக் கார். பார்த்தால் காய்கறி வாங்கப் போகிற வண்டி மாதிரி இருக்கும். உள்ளே டர்போ எஞ்சின், மேனுவல் கியர், 261 குதிரைத்திறன். தாய்லாந்தில் விற்கிறார்கள். ஹட்யாயில் ஒரு ஹோட்டல் வாசலில் நின்ற ஒன்றைத் தடவிப் பார்த்துக் காவலாளியிடம் திட்டு வாங்கியிருக்கிறேன் (தாய்லாந்து மொழிதான், ஆனாலும் நன்றாகப் புரிந்தது). நாங்கள் இருக்கும் பினாங்கிலிருந்து அரை நாள் தூரம். ஆனால் நம் நாட்டுக்கு மட்டும் அது வரவே இல்லை. ஒவ்வொரு வருஷமும் எங்கள் கார் குரூப்பில் யாராவது 'இந்தத் தடவை நிச்சயம்' என்பார்கள். எல்லோரும் நம்புவோம்.

அந்த வருஷம் ஷோரூமில் வேலை பார்க்கும் டேவிட்டே போன் செய்தார்.

"அண்ணே, புது மாடல் வருது. லாஞ்சுக்கு வந்துருங்க."

"மேனுவலா?"

"அப்படித்தான் பேசிக்கிறாங்க லா."

எனக்கு அது போதும். ஓடிக்கொண்டிருந்த பழைய காரை விற்றேன், புதியதை நிறுத்த இடம் வேண்டுமே. வண்டி நம்பர் ஏலத்தில் மல்லுக்கட்டி 261 எடுத்தேன். ஒரு வருஷத்துக்குள் என் பெயரிலுள்ள வண்டி ஒன்றில் மாட்டாவிட்டால் நம்பர் கைவிட்டுப் போய்விடும்.

"கிரேத்தா வரட்டும்ங்க, அப்புறம் நம்பர் பிளேட் அடிக்கலாம்" என்றாள் என் மனைவி மாலா; கார் அவளுக்கு எப்போதும் மலாயில் 'கிரேத்தா'தான். மறுநாளே அடித்துவிட்டேன்.

லாஞ்ச் அன்று வாடகைக் காரில் போய் இறங்கினோம். கக்கத்தில் பிளேட், பையில் சக்கரத்துக்கு அடியில் வைக்க எலுமிச்சம்பழம். அன்றே கார் தர மாட்டார்கள் என்று தெரியும். ஒரு படமாவது எடுக்கலாமே.

துணியை உருவினார்கள். கதவைத் திறந்து கீழே பார்த்தேன். கிளட்ச் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கார்ப்பெட்.

"டேவிட், கிளட்ச் எங்க?"

"இது ஆட்டோ அண்ணே. எஞ்சினும் சின்னது. பெட்ரோல் நல்லா மிச்சமாகும்."

"அப்ப அது?"

"அது நம்ம மார்க்கெட்டுக்கு இல்லையாம். வாங்க ஆள் இல்லன்னு மேல சொல்லிட்டாங்க."

ஆள் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன். நாற்பது வயதில், ஒரு காருக்காக, அத்தனை பேர் நடுவில் கண் கலங்கிவிட்டது. டேவிட் பிளேட்டைப் பார்த்தார். கறிபாப் பலகாரத் தட்டை நீட்டினார். இரண்டு எடுத்துக்கொண்டேன்.

கெடு முடியும் சமயத்தில் என் பெயரில் மிஞ்சியிருந்த ஒரே வாகனம், மாலா காய்கறி வாங்கப் பாசாருக்குப் போகும் ஸ்கூட்டர். நம்பரை அதற்கு மாற்றினோம். பாலம் தாண்டிப் பிறை என்ற ஊரில் நான் வேலை பார்க்கும் தொழிற்சாலைக்கு இன்றும் அதில்தான் போகிறேன். மழையில் லாரிகள் என்மேல் தண்ணீர் அடித்துவிட்டு முந்திப் போகும்போது 261 குதிரைகளில் ஒன்றுகூட உதவிக்கு வருவதில்லை. வேறு கார் வாங்கலாமே என்கிறார்கள். வாங்கிய மறுநாள் அது வந்துவிட்டால்?

எங்கள் வீட்டில் இப்போது யார் எதை உறுதியாகச் சொன்னாலும் கேட்கிற கேள்வி, "பிளேட் அடிச்சாச்சா?" பெண் பார்த்துவிட்டு வந்த என் மச்சானையே அப்படித்தான் கேட்டார்கள்.

போன வாரம் டேவிட் மறுபடி போன் செய்தார். பேசி முடித்தேன். மாலா அடுப்பைவிட்டுத் திரும்பவே இல்லை.

"எலுமிச்சம்பழம் எத்தனை வேணும்?"

"நாலு" என்றேன்.