வானளந்தாரின் வலது முழங்கால்

வால் நட்சத்திரம் வந்தாலும் வந்தது, ஊரில் ஒருத்தருக்கும் இருப்புக்கொள்ளவில்லை. பொழுது சாய்ந்ததும் மேற்கே, சரியாக அழிக்காத சாக்பீஸ் கோடு மாதிரி ஒரு வெளிச்சம். பார்க்க அழகாகத்தான் இருந்தது. அதுதான் சந்தேகத்தைக் கிளப்பியது. இவ்வளவு அழகாக இருப்பது சும்மாவா வரும்?

சும்மா வரவில்லை என்று சொல்வதற்கென்றே வந்து சேர்ந்தார் வானளந்தார். மூடிக் கிடந்த சினிமாத் தியேட்டரை வாடகைக்குப் பிடித்தார். மேடையில் ஒரு மேசை, அதன் பின்னால் அவர் உட்கார ஒரு நாற்காலி. அதன்மேல் தரைவரைக்கும் தொங்கும் கறுப்புத் துணி. மேசைக்கு மேலே நூலில் ஒரு கறுப்புக் கல். ஆகாயத்திலிருந்து நேராக அவர் உள்ளங்கையில் வந்து விழுந்த கல்லாம். உள்ளங்கையில் ஒரு கீறல்கூட இல்லை. யாரும் அதைக் கேட்கவுமில்லை.

வரிசையில் நின்று முகவரியைச் சொல்ல வேண்டும். கல் அசையாவிட்டால் வீடு தப்பித்தது. சாய்ந்தால், வால் நட்சத்திரத்தின் ஒரு துண்டு அந்தக் கூரைமேல் விழும். வேடிக்கை என்னவென்றால், சந்துக்குள் இருக்கும் வீடுகளுக்குக் கல் அசைந்தே கொடுக்கவில்லை. மெயின் ரோட்டு வீடுகளுக்கும் மூலை மனைகளுக்கும் மட்டும் தவறாமல் சாய்ந்தது. அவ்வளவு தூரம் தாண்டி வருகிற வால் நட்சத்திரம் வண்டி நிறுத்த இடம் பார்க்காதா என்ன!

அப்படிச் சாய்ந்த வீடுகளைக் குறைந்த விலைக்கு வாங்கிக்கொள்ள ஒரு புண்ணியவான் பக்கத்திலேயே நின்றார். வானளந்தாரின் மச்சான்.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, கீழே கடையும் மேலே குடித்தனமுமாக இருந்த தையல்காரர் முகவரியைச் சொல்லி முடிப்பதற்குள் கல் சாய்ந்துவிட்டது. அன்றிலிருந்து மனிதருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மாடியில் தூங்கும் மகளின் கட்டிலை இழுத்து வந்து மாடிப்படிக்குக் கீழே போட்டார். பள்ளிச் சீருடையாகத் தைத்துத் தைத்துக் கட்டிய வீடு. போனால் போகிறது, பிள்ளை தலை தப்பினால் போதும். ஞாயிற்றுக்கிழமை மேடையிலேயே கையெழுத்து என்று பேசி முடித்துவிட்டார்.

"விழப்போற வீட்ட அவரு எதுக்குப்பா வாங்குறாரு?" என்றாள் ஐந்தாம் வகுப்பு மகள்.

"இரக்கம்மா."

மகளுக்கு அது போதவில்லை. அவள் அம்மாதான் அவள் வகுப்புக்கு அறிவியல் டீச்சர். அன்றைக்குப் பிள்ளைகள் தட்டில் மாவைப் பரப்பி, தீப்பெட்டிகளை வீடுகளாக வைத்து, ஸ்டூல்மேல் ஏறிக் கோலிக்குண்டு போட்டிருந்தார்கள்.

"விழுந்த இடமெல்லாம் பள்ளம்ப்பா! ஆனா சொன்ன தீப்பெட்டி மேல ஒண்ணுகூட விழல. நாங்க பாத்துப் போட்டே குறி தப்புது, வால் நட்சத்திரத்துக்கு மட்டும் நம்ம கதவு நம்பர் எப்படித் தெரியும்? அது நம்ம பக்கமே வரலையாம். எங்கயோ தூரத்துல போகுதாம். அதோட தூசி வந்தாலும் மேலயே எரிஞ்சிடுமாம்."

"அப்ப கல்லு விழவே விழாதா?" என்றார் தையல்காரர்.

"எப்பவாவது விழும்," என்றாள் அம்மா. "எந்த வீட்டுலன்னு முகவரி வெச்சுச் சொல்ல ஒருத்தராலயும் முடியாது."

தையல்காரருக்கு எரிச்சலாக வந்தது. "நீ ரொம்பக் கண்டே! அவர் சாதாரண ஆளில்ல. அவருக்கு பேன்ட் தச்சவன் நானு. வலது முழங்கால்ல வலியாம், மருந்து வெக்கணும்னு உள்பக்கம் ஒரு பாக்கெட் கேட்டாரு. மருந்துன்னு எதையோ அதுல வெச்சுப் போட்டுப் பாக்கும்போது மடிப்பு சரி பண்ணக் குனியிறேன், என் கையிலிருந்த குண்டூசியெல்லாம் பறந்து போய் அவரு முழங்கால்ல ஒட்டிக்குது! என்னா சக்தி! எனக்குப் புல்லரிச்சுப் போச்சு."

சொன்ன வேகத்தில் கை பட்டு ஊசிப்பெட்டி கவிழ்ந்தது. எப்போதும்போல மெஷின் டிராயரைத் திறந்து காந்தத்தை எடுத்தார். தரையில் ஒரு சுற்றுச் சுற்றினார். ஊசிகள் ஓடிவந்து ஒட்டிக்கொண்டன.

மனைவி காந்தத்தைப் பார்த்தாள். கணவரைப் பார்த்தாள்.

"ஏங்க, உங்களுக்கு இப்பப் புல்லரிக்கலையா?"

தையல்காரர் குனிந்தபடியே காந்தத்திலிருந்து ஊசிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். "சேச்சே, இருக்காது," என்றார்.

"இல்லாமலும் இருக்கலாம். ஊசிப்பெட்டிய எடுத்துட்டுப் போங்க. உடம்புல சக்தின்னா உடம்பு பூரா இருக்கணும்ல? தோள்ல வெச்சுப் பாருங்க, இடது முழங்கால்ல வெச்சுப் பாருங்க. அங்கயும் ஒட்டுச்சுன்னா பேனாவ நானே திறந்து தர்றேன்."

ஞாயிற்றுக்கிழமை தியேட்டரில் கால் வைக்க இடமில்லை. முன்வரிசையில் டீச்சரும் ஐந்தாம் வகுப்பும். மச்சான் பத்திரத்தை நீட்டினார்.

"போடு தம்பி, யோசிக்காதே," என்றார் வானளந்தார். இந்த ஒரு வேலையைத்தான் அவர் யாரையும் செய்யவிட்டதில்லை.

"தோள்ல தையல் விட்டிருக்குங்க. ஊசி குத்தி விட்டுடறேன்." தையல்காரர் தோளில் ஊசியை வைத்தார், உதிர்ந்தது. மண்டியிட்டு மேசைத்துணியைத் தூக்கினார். இடது முழங்காலில் வைத்தார், உதிர்ந்தது. வலது பக்கம் பெட்டியைக் கொண்டுபோனார். அவ்வளவுதான். அத்தனை ஊசியும் பாய்ந்துபோய் ஒட்டிக்கொண்டது.

"டீச்சர், காந்தம்!" என்று ஐந்தாம் வகுப்பே கத்தியது.

வானளந்தார் எழப் பார்த்தார். தையல்காரர் விடவில்லை. தன் கையால் தைத்த பாக்கெட், பிரிப்பதா கஷ்டம்? காந்தத்தை உருவிக் கல்லுக்குக் கீழே நீட்டினார். கல் சாய்ந்தது. கையை நகர்த்த நகர்த்த, வளர்ப்பு நாய் மாதிரி பின்னாலேயே வந்தது. மச்சானின் இரக்கம் பின்வாசல் வழியாக ஓடியது. வாசல் கதவை மறித்து நின்றவர்கள், ஏற்கெனவே வீட்டை விற்றவர்கள். வானளந்தாரை அவர்கள் பார்த்துக்கொண்டார்கள்.

தையல்காரருக்கு மகளின் கட்டிலை உடனே மாடிக்கு ஏற்ற வேண்டும்போல இருந்தது. மேடையைவிட்டு இறங்கும்போது ஒரு பெரியவர் கையைப் பிடித்தார்.

"தம்பி, காந்தம்தான் இப்ப உங்க கையில இருக்கே. அப்படியே எங்க வீட்டுக்கும் ஒரு தடவை பாத்துச் சொல்லிடுங்களேன்."

தையல்காரர் அவரைப் பார்த்தார்.

"ஐயா, காந்தத்தக் கையில வெச்சுக்கிட்டே காந்தத்தக் கும்பிட்ட ஆளு நான். என்கிட்டயா கேக்குறீங்க? இனி எவனாவது கல்லு சாயுதுன்னு காட்டினா, கல்லைப் பாக்காதீங்க. மேசைத்துணியத் தூக்கிப் பாருங்க. அதுக்கு டீச்சரும் வேண்டாம், டெய்லரும் வேண்டாம். கொஞ்சம் குனிஞ்சாப் போதும், அவன் கால்ல விழ எப்படியும் குனியத்தானே போறீங்க!"