பத்துன்னா பத்துதான்

வாசகரே, மனிதர்களில் தன்மணிக்காரர் என்று ஓர் இனம் உண்டு. தம் கையில் கட்டியிருக்கும் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத்தான் சூரியனே புறப்படுகிறது என்று மனதார நம்புகிறவர். விமானம் ஏறி வேற்றூர் போய் இறங்கிய பிறகும் முள்ளை மாற்ற மறுத்து, நடுப்பகலில் இரவுச் சாப்பாடு கேட்கிறவர். மற்ற ஊர்களில் வேறு நேரம் ஓடுகிறது என்றால், அதை அந்த ஊர்க்காரர்களின் ஒழுங்கீனம் என்று எடுத்துக்கொள்கிறவர். கெட்டவர் இல்லை. திருத்தத்தான் முடியாது.

ஒரு வீட்டு மூத்த மாப்பிள்ளையை எடுத்துக்கொள்ளுங்கள். இணையப் பக்கம் செய்து கொடுப்பது அவர் தொழில். கடை திறப்போ, தள்ளுபடி விற்பனையோ, எது வந்தாலும் பக்கத்தின் நெற்றியில் 'இன்னும் இத்தனை மணி, இத்தனை நிமிடம்' என்று குறைந்துகொண்டே வரும் கடிகாரம் ஒன்றை ஒட்டாமல் விடமாட்டார்.

அந்த வீட்டில் ஒரு மனஸ்தாபம். இளைய மகள் தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் செய்துகொண்டு கடல் தாண்டிப் போன நாளிலிருந்து மாமனார் அவளோடு பேசவில்லை. மூத்தவள், அதாவது நம் மாப்பிள்ளையின் மனைவி, கெஞ்சி, அழுது, பட்டினி கிடந்து, ஒருவழியாக அவரை இறங்கி வரவைத்தாள்.

"ஞாயித்துக்கிழமை காலைல பத்து மணிக்குப் பேசச் சொல்லு. வரலேன்னா எழுந்து போயிடுவேன். அதுக்கப்புறம் இந்த வீட்ல அவ பேச்சையே எடுக்கக் கூடாது."

மாப்பிள்ளைக்கு உற்சாகம் தாங்கவில்லை. சும்மா விடுவாரா? இதற்கென்றே ஒரு பக்கம் செய்து, இளையவளுக்கும் அனுப்பிவிட்டார். நடுவில் கடிகாரம்; அது பூஜ்ஜியத்தைத் தொட்டதும் 'அப்பாவோடு பேச' என்று பச்சைப் பொத்தான் ஒன்று முளைக்கும்.

"எந்த ஊரு பத்துன்னு போட்டிருக்கீங்க?" என்று கேட்டாள் மனைவி.

"பத்துன்னா பத்துதான். இதுல ஊர் எங்கேருந்து வந்துச்சு?"

"அவ இருக்கற ஊர்ல நேரம் வேறங்க."

"அதெல்லாம் கம்ப்யூட்டர் பாத்துக்கும்."

பார்த்துக்கொள்ளத்தான் செய்தது. 'பத்து மணி' என்று மட்டும் எழுதி, எந்த ஊர்ப் பத்து என்று சொல்லாமல் விட்டால் அது என்ன செய்யும், பாவம்? தான் இருக்கும் ஊரின் பத்து என்று எடுத்துக்கொள்ளும். இங்கே திறந்தால் இங்குள்ள பத்துக்கும், அங்கே திறந்தால் அங்குள்ள பத்துக்கும் விசுவாசமாக எண்ணிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை சோதித்துப் பார்க்காமலும் இல்லை. தன் கணினி, தன் போன், மனைவியின் போன் மூன்றிலும் திறந்து பார்த்தார். நொடி பிசகவில்லை. மூன்றும் ஒரே மேசையில் இருந்தன.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. மாமனார் முகச் சவரம் செய்து, சலவைச் சட்டை போட்டு, தொண்டையைக் கனைத்துக் கனைத்துச் சரிபார்த்துக்கொண்டு கணினி முன்னால் உட்கார்ந்தார். பூஜ்ஜியம் வந்தது. பொத்தான் முளைத்தது. அழுத்தினார். யாரும் இல்லை. இளையவளோ, தன் கடிகாரத்தில் இன்னும் பொழுதே விடியவில்லை என்று போர்த்திக்கொண்டு தூங்கினாள்; அக்கா போட்ட போன்கூட அவள் காதில் விழவில்லை.

"மதிக்கல, பாத்தியா?" என்றார் மாமனார். கோபம் என்று அவர் நினைத்துக்கொண்டார். உடைந்த குரல் வேறொன்றைச் சொன்னது. எழுந்து போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மூத்தவள் சமையலறையில் நின்று வாய்விட்டு அழுதாள்.

மாப்பிள்ளை? "உன் தங்கச்சிக்கு எப்பவுமே நேரம்னா அலட்சியம்" என்றார்.

சாப்பாடே வேண்டாம் என்ற மாமனார், வேண்டாம் என்றதை மறந்து இரண்டு தட்டு சாப்பிட்டுவிட்டுக் கூடத்துச் சோபாவில் அசந்துபோனார். பக்கத்தில் கணினியை யாரும் அணைக்கவில்லை. அந்த ஊரில் பத்தானது. இளையவள் பொத்தானை அழுத்த, இங்கே மணி அலறியது. மாமனார் கண்ணைத் திறக்காமலே தடவித் தடவி எதையோ தட்டினார். அவர் பாதி விழித்திருந்தார். அவருடைய கோபம் இன்னும் விழிக்கவில்லை.

"அப்பா..."

"வாடா கண்ணு, ஸ்கூல் விட்டாச்சா?"

அந்தப் பக்கம் ஒரே விம்மல். யாரோடு பேசுகிறோம் என்பது மாமனாருக்கு மெல்ல உறைத்தது. இத்தனை வருட வீராப்பும் ஒரு கொட்டாவியில் போய்விட்டது. இனி அதை எங்கே போய்த் தேடுவது? கண்ணைத் துடைத்துக்கொண்டு பேசினார், பேசினார், பொழுது சாயும்வரை பேசினார்.

"என் பக்கம் எப்படி வேலை செஞ்சுது பாத்தியா?" என்று மாப்பிள்ளை காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார். மனைவி அவரைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு எந்த ஊரிலும் ஒரே அர்த்தம்தான்.

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். வெளிநாட்டில் இருக்கும் உங்கள் மகனை நீங்கள் தினமும் ஓய்வாக, காபி குடித்துக்கொண்டே கூப்பிடுகிறீர்களே, அவன் கரகரத்த குரலில், "இல்லப்பா, முழிச்சுட்டுத்தான் இருக்கேன்" என்கிறானே, அதை இன்னுமா நம்பிக்கொண்டிருக்கிறீர்கள்?